பாய்வதும் விழுவதும்: ஒரு பாடசாலை வீரரின் பின்னாட்கள்

எமது ஊர்களில் எழுதப்படாத வரலாறுகள் பல. அவற்றுள் ஒன்று பாடசாலை மைதானத்தின் வரலாறு. அரசியல்வாதியின் வாழ்க்கை எழுதப்படுகிறது. புலவரின் வாழ்க்கை எழுதப்படுகிறது. ஆலிம்களும் அதிபர்களும் வணிகர்களும்கூட நினைவு மலர்களில் இடம்பிடித்துவிடுகிறார்கள். ஆனால் காலையில் நூறு மீற்றர் ஓடி, நண்பகலில் நீளம் பாய்ந்து, மாலையில் உதைபந்தாட்ட அணிக்குத் தலைமை தாங்கிய அந்தப் பத்தாம் வகுப்புப் பையனை ஊர் ஒரு தலைமுறை வரை வாயால் பேசும்; பின்னர் மறந்துவிடும். அவன் பிறகு என்ன ஆனான் என்ற கேள்வியை நாம் கேட்பதேயில்லை.

அந்தக் கேள்வியை வன்னியில் நின்று கேட்டால் அது வெறும் விளையாட்டுக் கேள்வியாக இருப்பதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மைதானங்கள் அகதி முகாம்களாகின; கண்ணிவெடி வயல்களாகின; படை முகாம்களாகின. அங்கு ஓடிய பிள்ளைகளில் ஒரு பகுதியினர் 1990 ஒக்டோபரில் ஊரையே விட்டுப் போகுமாறு பணிக்கப்பட்டார்கள். மற்றொரு பகுதியினர் 2009 மே மாதம் வரை அந்த மண்ணிலேயே இடம்விட்டு இடம் ஓடினார்கள். வெற்றிக் கிண்ணங்களும் சான்றிதழ்களும் பதிவுப் புத்தகங்களும் இந்த ஓட்டங்களில் தொலைந்தன.

இந்தப் பின்னணியில் ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறோம். அவர் வன்னியில் பிறந்தவரல்லர், யாழ்ப்பாணத்தவர். ஆனால் பாடசாலை மைதானத்தில் தொடங்கிய அவரது பயணம் உலகைச் சுற்றி முதுமையில் வன்னிக்கு வந்து சேர்ந்தது. அவர் பெயர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்கு முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்றுக்கொடுத்தவர். 2024 ஏப்ரலில் தமது 89ஆவது வயதில் காலமானார்.

1

முதலில் அந்த மைதானத்தைப் பார்ப்போம். இலங்கையின் பாடசாலை விளையாட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மாணவர்கள் இல்லங்களாகப் பிரிக்கப்படுவார்கள். ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு நிறம். ஆண்டின் முதல் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கும். ஓலையாலும் கடதாசிப் பூக்களாலும் இல்லக் கூடாரங்களை அலங்கரிப்பார்கள். இறுதியில் பழைய மாணவர் ஓட்டமும் இருக்கும். அதில் தேறியவர்கள் கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக ஏறுவார்கள். அகில இலங்கைப் பாடசாலைகளுக்கான சேர் ஜோன் டாபட் கிண்ணப் போட்டி ஒரு கிராமத்துப் பிள்ளை கொழும்பின் ஓடுபாதையைக் காணும் வாசலாக இருந்து வந்திருக்கிறது.

சிறிய ஊர்ப் பாடசாலையில் ஒரே பிள்ளைதான் எல்லா விளையாட்டையும் விளையாடும். அதற்குத் திறமை மாத்திரம் காரணமல்ல. மாணவர் தொகை குறைவு. மைதானம் ஒன்று. விளையாட்டாசிரியர் ஒருவர், அவரும் பெரும்பாலும் கணிதமோ சமயமோ படிப்பித்துக்கொண்டு மாலையில் விசிலை எடுத்துக்கொள்பவர். முதல் தவணையில் மெய்வல்லுநர், பின்னர் உதைபந்தாட்டம், இடையில் கரப்பந்து, துடுப்பாட்டம் என்று பருவம் மாறும். பிள்ளைகள் மாறுவதில்லை. வேகமாக ஓடுகிறவன் உதைபந்தாட்டத்தில் முன்கள வீரன். உயரமாய் எழும்புகிறவன் கரப்பந்தில் வலைக்கு அருகில் நிற்பான். பெண் பிள்ளைகளில் குண்டு எறிகிறவள்தான் வலைப்பந்தாட்டத்திலும் நிற்பாள். பலதுறை வீரர் என்று நகரத்துப் பத்திரிகை வியந்து எழுதுவது சிறிய ஊரில் தேவையால் உண்டானது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அத்தகைய சிறிய பாடசாலையல்ல. 1816இல் வெஸ்லியன் மிஷனரிமார் தொடங்கியது. யாழ்ப்பாணக் கோட்டைக்கு எதிரே, பிற்காலத்தில் பொதுநூலகம் எழுந்த இடத்துக்குப் பக்கத்தில் அதன் மைதானம் இருந்தது. சென் ஜோன்ஸ் கல்லூரியோடு அது ஆடும் துடுப்பாட்டம் 1904 முதல் தொடர்வது. வடக்கின் பெரும் போர் என்று பெயர் பெற்றது. எதிர்வீரசிங்கத்துக்கு வாய்த்த முதல் பாக்கியம் இதுதான்: மைதானத்தை மதிக்கும் ஒரு பாடசாலை அவர் வாழ்ந்த ஊரிலேயே இருந்தது.

2

எதிர்வீரசிங்கம் 1934 ஓகஸ்ட் 24இல் யாழ்ப்பாணத்துப் பெரியவிளானில் பிறந்தவர். 1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக் தொடங்கியபோது அவருக்கு இன்னும் பதினெட்டு வயது நிறையவில்லை. அந்த வயதில் உயரம் பாய்தலில் இலங்கையைப் பிரதிநிதித்துவம் செய்தார். நான்காண்டுகளின் பின்னர் 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார்.

அக்காலத்து உயரம் பாய்தலைப் புரிந்துகொள்ளாமல் அவரது சாதனையை மதிப்பிட முடியாது. இன்று தொலைக்காட்சியில் நாம் காண்பது முதுகைக் காட்டிப் பாய்வது. அமெரிக்கரான டிக் ஃபொஸ்பரி 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அம்முறையில் தங்கம் வென்ற பின்னரே அது உலகெங்கும் பரவியது. விழுமிடத்தில் தடித்த மெத்தை வந்ததால்தான் அது சாத்தியமானது. அதற்கு முன் விழுமிடம் மணற்குழி; வசதியான இடங்களில் மரத்தூள். மணலில் முதுகால் விழுந்தால் கழுத்து முறியும். ஆகவே கத்தரிக்கோல் போல் கால்களை மாற்றி வீசியோ, பக்கவாட்டில் உருண்டோ, வயிறு தடியைப் பார்க்கக் கவிழ்ந்தோ தாண்ட வேண்டும். எவ்வளவு உயரம் போகலாம் என்பதோடு எப்படி விழுவது என்பதையும் அந்த வீரர் கற்றிருக்க வேண்டும்.

ஒரு பாடசாலை வீரரின் வாழ்க்கைக்கும் இது பொருந்தும். பாய்வதற்குக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியர் போதும். பாய்ந்து முடிந்த பின் அவர் எங்கே விழுவார் என்பதைச் சமூகமும் நாடும் தீர்மானிக்கின்றன. எதிர்வீரசிங்கம் விழுந்த இடம் நல்ல இடம். அவரைப் போலவே பாய்ந்த மற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

3

மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி 1958 மே 24 முதல் ஜூன் 1 வரை டோக்கியோவில் நடந்தது. எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்தார். அக்கால அளவில் சுமார் ஆறடி எட்டு அங்குலம். தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. இலங்கை அதற்கு முன் ஆசியப் போட்டிகளில் தங்கம் கண்டதில்லை. 1948இல் டங்கன் வைட் லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி பெற்ற பத்தாண்டுகளுக்குப் பிறகு நாட்டுக்குக் கிடைத்த பெரும் விளையாட்டுச் செய்தி அது.

இப்போது அதே நாட்களின் உள்நாட்டுச் செய்திகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தனிச் சிங்களச் சட்டம் 1956இல் நிறைவேறியிருந்தது. 1958 மே 22ஆம் திகதியளவில் பொலன்னறுவைப் பகுதியில் தமிழர் மீதான தாக்குதல்கள் தொடங்கின. தீ நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. மே 27இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கொழும்பில் முகாம்களுக்குள் அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பல்களில் ஏற்றி வடக்கே அனுப்பப்பட்டார்கள்.

அதாவது டோக்கியோவில் ஒரு தமிழ் இளைஞர் இலங்கைக் கொடியை முதன்முதலாக உச்சிக்கம்பத்தில் ஏறச் செய்த அதே வாரத்தில், அவருடைய மொழியைப் பேசிய குற்றத்துக்காக அதே கொடியின் கீழ் மக்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். இந்த முரண் கவிஞனின் கற்பனையல்ல, திகதிகள் சொல்வது. சிறுபான்மை மக்களில் ஒருவர் நாட்டுக்காக வெல்லும்போது அவர் இலங்கையராகிவிடுகிறார். வீதியில் நிற்கும்போது அவர் யார் என்பதை மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள். நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துடுப்பாட்ட அணியில் ஒரு முஸ்லிம் பெயர் இருந்தால் அதை நாட்டின் ஐக்கியத்துக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள், அளுத்கமவிலும் திகனவிலும் கடைகள் எரிந்தபோது அந்தச் சான்றை நினைத்துப் பார்க்கவில்லை.

எதிர்வீரசிங்கம் 1958க்குப் பிறகும் இலங்கைக்காகப் பாய்ந்தார். 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இதை வைத்து அவரது மனத்தை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் நாடு தன்னிடம் நடந்துகொண்ட விதத்தை அவர் பதக்கங்களால் அளக்கவில்லை என்பதை அவரது பிற்கால வாழ்க்கை காட்டுகிறது.

4

ஐம்பதுகளின் பிற்பகுதியில் எதிர்வீரசிங்கம் அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்தார். அதன் அணிக்காகவும் பாய்ந்தார். அதே மைதானத்தில் அதே காலத்தில் பயிற்சி செய்தவர் ராஃபர் ஜோன்சன். ஏறக்குறைய ஒரே வயதினர். இருவருமே சிறுபான்மையினர். இவ்விருவரின் வாழ்க்கைகளையும் அருகருகே வைத்தால் சில விடயங்கள் தெளிவாகும்.

ஜோன்சன் கலிஃபோர்னியாவில் கிங்ஸ்பேர்க் என்ற சின்னஞ்சிறு விவசாய ஊரில் வளர்ந்தவர். சுவீடனிலிருந்து வந்தோர் நிறைந்த ஊர். கறுப்பினக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பாடசாலையில் அமெரிக்க உதைபந்தாட்டம், கூடைப்பந்து, பேஸ்போல், மெய்வல்லுநர் ஆகிய நான்கிலும் அவர் முதன்மையானவர். பக்கத்து ஊரான துலேரியில் பொப் மத்தையஸ் என்றொரு வீரர் இருந்தார். 1948இல் பதினேழு வயதில் பத்து அம்சப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்று, 1952இலும் அதை வென்றவர். அவர் போட்டியிடுவதைக் காண ஜோன்சன் துலேரிக்குப் போனார். எந்த விளையாட்டைத் தேர்வது என்று தடுமாறிய பையனுக்கு, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கெட்டிக்காரனாக இருப்பதே ஒரு விளையாட்டுத்தான் என்ற செய்தி அங்கு கிடைத்தது. நூறு மீற்றர் ஓட்டம், நீளம் பாய்தல், குண்டு எறிதல், உயரம் பாய்தல், தடைதாண்டல், கோலூன்றிப் பாய்தல், ஈட்டி எறிதல் என்று பத்து அம்சங்களை இரண்டே நாட்களில் செய்து முடிக்கும் போட்டி அது.

1956இல் மெல்பேர்னில் காயத்தோடு வெள்ளி பெற்றார். 1960இல் ரோமில் தாய்வானின் யாங் சுவான்-குவாங்கை 58 புள்ளிகளால் முந்தித் தங்கம் பெற்றார். இருவருக்கும் பயிற்சியளித்தவர் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவரே. ரோமில் அமெரிக்கக் கொடியை ஏந்தி அணிவகுப்பை நடத்திச் சென்றவரும் ஜோன்சன்தான். அதன் பின் அவர் போட்டியிடவில்லை. 1968இல் ரொபர்ட் கென்னடி சுடப்பட்ட இரவில் கொலையாளியை மடக்கிப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான சிறப்பு ஒலிம்பிக்கைத் தென் கலிஃபோர்னியாவில் கட்டியெழுப்ப நீண்ட காலம் உழைத்தார். 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் தீபத்தை ஏற்றினார். 2020இல் மறைந்தார். கிங்ஸ்பேர்க்கில் ஒரு பாடசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அமெரிக்கா கறுப்பினத்தவரை எப்படி நடத்தியது என்பது நாம் அறியாததல்ல. ஜோன்சனின் ஊர் நல்லதாக இருந்ததால் அந்நாடு நல்லதாகிவிடாது. ஆயினும் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. ஜோன்சனுக்குப் பாய்ந்த ஊரும் விழுந்த ஊரும் ஒன்றே. அவர் பெயரை எழுதி வைக்க அவருக்கு ஒரு பாடசாலை மிஞ்சியிருந்தது. எதிர்வீரசிங்கம் பாய்ந்த மைதானத்துக்கு எதிரிலிருந்த கோட்டை 1990இல் முற்றுகைக் களமாயிற்று. அதற்கு முன்னரே 1981இல் பொதுநூலகம் எரிந்திருந்தது. அவரது கல்லூரிக் கட்டடங்களும் போரில் சிதைந்தன.

5

பதக்கத்தோடு நின்றுவிடாதது எதிர்வீரசிங்கத்தின் பெருமை. கொர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கல்வியாளராக உலகின் பல பகுதிகளில் பணியாற்றினார். ஆபிரிக்காவில் சியரா லியோனில் யுனெஸ்கோவோடு இணைந்தும் வேலை செய்தார். விளையாட்டு வீரர் ஓய்வுபெற்றதும் ஞாபகங்களை விற்றுப் பிழைப்பது பல நாடுகளிலும் நடப்பது. அவர் ஆசிரியரானார். ஒரு காலத்தில் மைதானத்தில் அவருக்குக் கிடைத்ததை வகுப்பறையில் திருப்பிக் கொடுத்தார் என்று கொள்ளலாம்.

2002 பெப்ரவரியில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஏ9 வீதி திறந்தது. வெளிநாடுகளிலிருந்த தமிழ் நிபுணர்கள் பலர் கிளிநொச்சிக்கு வந்தார்கள். அவர்களுள் எதிர்வீரசிங்கமும் ஒருவர். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டளவில். லொஸ் ஏஞ்சல்ஸில் நிம்மதியாக இருந்திருக்கக்கூடிய முதியவர் வடக்குக் கிழக்கின் கல்வி, புனர்வாழ்வு வேலைகளில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார். கூரை இல்லாத பாடசாலைகள், விஞ்ஞான ஆசிரியர் இல்லாத வகுப்புகள், பரீட்சைக்குத் தோற்றாத பிள்ளைகள் என்பவை அன்றைய வன்னியின் பிரச்சினைகள். பதக்கம் வென்ற வீரர்கள் பலர் உண்டு. பதக்கம் வென்ற நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் இடிந்த பாடசாலைகளை நோக்கித் திரும்பி வந்தவர்கள் அரிது.

இவ்விடத்தில் இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு எழும் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. அவர் திரும்பி வந்த வன்னியில் முஸ்லிம்கள் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, முள்ளியவளைப் பகுதிகளிலும் கிளிநொச்சியின் நாச்சிக்குடாவிலும் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் அவர்களுள் அடங்குவர். புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் அவர்களது பிள்ளைகள் வளர்ந்தார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் உடன்பாடொன்றைச் செய்துகொண்டபோது மீள்திரும்புகை பற்றிப் பேசப்பட்டது. ஆனால் கிளிநொச்சியில் கல்வித் திட்டங்கள் வரையப்பட்ட அந்த வருடங்களில் வன்னி வகுப்பறைகளின் பல வாங்குகள் வெறுமையாகவே கிடந்தன.

அதற்கு எதிர்வீரசிங்கம் காரணமல்லர். அந்த வெறுமையை அவர் தலையில் ஏற்றுவது நியாயமுமல்ல. ஆனால் வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். 1958இல் தம் மக்கள் துரத்தப்பட்ட வாரத்தில் நாட்டுக்குத் தங்கம் வென்ற ஒருவர், பின்னாளில் வேறொரு மக்கள் துரத்தப்பட்ட நிலத்தில் நின்று கல்விக்காக உழைத்தார். முதலாவதை மட்டும் எழுதினால் அது தமிழ்ப் புகழுரை. இரண்டாவதை மட்டும் எழுதினால் அது நமது முறைப்பாடு. துரத்தப்படுவதன் வலி ஒன்றே என்று உணர்வதற்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

6

எதிர்வீரசிங்கத்துக்குக் கிடைத்த வழி வன்னியின் பாடசாலை வீரர்களுக்குக் கிடைக்கவில்லை. எந்த வழிகள் அடைபட்டன என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

இலங்கையில் பாடசாலையை விட்ட மெய்வல்லுநர் வீரருக்குப் பொதுவாகச் சில வாசல்களே உண்டு. மேல்நாட்டுப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் ஒன்று. அது ஆயிரத்தில் ஒருவருக்கு. இரண்டாவது, விளையாட்டுத் திறமைக்காக உள்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒதுக்கும் சில இடங்கள். மூன்றாவதும் பெரியதும் முப்படைகளும் பொலிஸும். அவற்றின் விளையாட்டுக் கழகங்கள் வீரருக்குச் சம்பளம், உணவு, பயிற்றுநர், ஓடுபாதை எல்லாம் தருகின்றன. தேசிய மெய்வல்லுநர் அணியில் படைவீரர்கள் நிறைந்திருப்பது இதனால்தான். நான்காவது, விளையாட்டாசிரியர் வேலை. போர்க்காலத்தில் வன்னியின் இளைஞனுக்கு முதலிரண்டும் எட்டாதவை. மூன்றாவதை அவன் நினைத்தும் பார்க்க முடியாது. நான்காவதற்குக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கு உயிரோடு இருக்க வேண்டும்.

உடல்வலு இருப்பதே அந்த மண்ணில் ஆபத்தாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போரின் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கொருவர் என்று கட்டாய ஆட்சேர்ப்பு நடந்தபோது, ஓடவும் பாயவும் தெரிந்த பிள்ளையை மறைத்து வைக்கப் பெற்றோர் பட்ட பாடு அங்கு எல்லோரும் அறிந்தது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. உயிர் தப்பிய ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் செட்டிக்குளம் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். அங்கு வந்து சேர்ந்தவர்களில் பலர் ஒரு கையையோ ஒரு காலையோ இழந்திருந்தார்கள்.

இன்னொரு டோக்கியோக் கதையும் இங்கு நினைவுக்கு வருகிறது. தள்ளிவைக்கப்பட்டு 2021இல் நடந்த டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்றார் தினேஷ் பிரியந்த ஹேரத். பராலிம்பிக்கில் இலங்கைக்கு முதல் தங்கம். அவர் ஓர் இராணுவ வீரர். 2008 இறுதியில் வன்னிப் போர்முனையில் கையில் படுகாயமடைந்தவர். அவருடைய உழைப்பும் மனவுறுதியும் போற்றத்தக்கவை. அதே காலத்தில் அதே மண்ணில் கையை இழந்த வன்னிப் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் யாராவது பாடசாலையில் ஈட்டி எறிந்திருக்கலாம். காயப்பட்ட படைவீரரை ஏந்திக்கொள்ள ஒரு நிறுவனம் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு மணற்குழிகூட இருக்கவில்லை. ஹேரத்தின் தங்கம் இதனால் சிறுத்துவிடாது. ஆனால் வாய்ப்புக் கிடைத்தால் காயப்பட்ட உடலும் உலகை வெல்லும் என்பதற்கு அதுவே சாட்சி என்பதால், வாய்ப்புக் கிடைக்காதவர்களின் இழப்பு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

நம் பக்கத்துக் கதையும் வேறல்ல. புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் ஏற்கெனவே நெருக்கடியிலிருந்த பாடசாலைகளில் மாலை நேர வகுப்புகளாகப் படித்தார்கள். பின்னேரம்தான் மைதானத்தின் நேரம். அந்த நேரத்தில் அவர்கள் வகுப்பறையில் இருந்தார்கள். 1990இல் பதினைந்து வயதாயிருந்த ஒரு முல்லைத்தீவுப் பையன் மீள்குடியேற்றம் தொடங்கியபோது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தான். ஊரில் காடு மண்டிக்கிடந்தது. அவன் ஓடிய ஓடுபாதை எங்கே இருந்தது என்று அவன் பிள்ளைக்குக் காட்டக்கூட அடையாளம் மிஞ்சியிருக்கவில்லை.

7

இத்தனைக்குப் பிறகும் வன்னி மைதானம் முற்றாக வறண்டுவிடவில்லை. 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்ற அம்மையார் எழுபது வயதைக் கடந்த நிலையில் தங்கம் வென்று திரும்பினார். முல்லைத்தீவே அவரை வரவேற்றது. அவரது வயதைக் கேட்டு வியந்தவர்கள் பலர். ஆனால் வியக்க வேண்டியது வயதை மட்டுமல்ல. எத்தனை இடப்பெயர்வுகளையும் இழப்புகளையும் கண்ட மாவட்டம் அது. இளமையில் திறக்காத வாசல் ஒருவருக்கு முதுமையில் திறந்திருக்கிறது. மற்ற எத்தனை பேருக்கு அது திறக்கவேயில்லை!

இன்று செய்ய வேண்டியது என்ன? மைதானம் கட்டுவது அரசின் வேலை. செயற்கை ஓடுபாதையும் பயிற்றுநரும் கேட்பது மாகாண சபைக்கும் அமைச்சுக்கும் எழுத வேண்டிய கடிதம். எழுதுகிறவர்களாகிய நமக்கென்று வேறொரு வேலை இருக்கிறது. தொலைந்த பதிவுப் புத்தகங்களை மனித ஞாபகத்திலிருந்து மீட்க வேண்டும். நீராவிப்பிட்டியிலும் தண்ணீரூற்றிலும் எண்பதுகளில் பாடசாலைக்கு ஓடியவர்கள் இன்று அறுபதை நெருங்குகிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஓடிய தமிழ்ப் பிள்ளைகளில் உயிரோடிருப்பவர்கள் முள்ளியவளையிலும் புதுக்குடியிருப்பிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். கோட்ட மட்டத்தில் யார் முதலிடம், அஞ்சலோட்டத்தில் கோலை யார் யாருக்குக் கைமாற்றினார்கள், உதைபந்தாட்டத்தில் அந்தக் கோலை அடித்தது யார் என்று கேட்டால் சொல்வார்கள். வாய் திறந்து சண்டை பிடிப்பார்கள். சண்டை பிடித்தால் நல்லது. இரண்டு பக்கமும் ஒரே போட்டியைப் பற்றித்தானே பேசப்போகிறது.

1990க்கு முந்திய வன்னியில் முஸ்லிமும் தமிழரும் ஒரே இல்லத்துக்காக ஓடியிருக்கிறார்கள். ஒரே அஞ்சலோட்ட அணியில் நின்றிருக்கிறார்கள். அரசியல் ஆவணங்களில் இது இருக்காது. உடன்படிக்கைகளிலும் இருக்காது. பாடசாலைப் போட்டியின் முடிவுப் பட்டியலில்தான் இரண்டு சமூகத்துப் பெயர்களும் வயதும் நேரமும் போட்டு அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டியல்கள் தீயிலும் மழையிலும் போய்விட்டன. ஞாபகம் போக முன்னர் அவற்றைத் திரும்ப எழுதிவிட வேண்டும்.

எதிர்வீரசிங்கத்தின் 2.03 மீற்றர் ஆசியப் போட்டிகளின் பதிவில் என்றைக்கும் இருக்கும். அவரை யாரும் மறக்கடிக்க முடியாது. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று தங்கள் முறைக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் அளவுகள்தான் எங்கும் எழுதப்படவில்லை. மாவட்டப் போட்டியில் ஐந்தடி இரண்டங்குலம் பாய்ந்து முதலிடம் பெற்று, அடுத்த வாரம் ஊரை விட்டுப் போன ஒரு பையன் இருந்திருப்பான். அவன் இப்போது எங்கோ ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பான். அவனைத் தேடிப்போய், தம்பி, நீ அன்றைக்கு எவ்வளவு பாய்ந்தாய் என்று கேட்பதில்தான் நமது வரலாறு தொடங்க வேண்டும்.